விதை வாங்குறதுக்கு முன்னாடி மண்ணை டெஸ்ட் பண்ணுங்க: மானுக்கு கால் ஏக்கர் க்ளோவர் போடுறது எப்படி

நார்த் கரோலினால ராலே பக்கம் இருக்கிற எனக்குத் தெரிஞ்ச சில குடும்பங்க ஊருக்கு வெளியே மூணு ஏக்கர், அஞ்சு ஏக்கர்னு காட்டோட சேர்ந்த இடம் வாங்கிருக்காங்க. மரங்களுக்கு நடுவுல கொஞ்சம் வெட்டவெளி இருக்கும், அதுல க்ளோவர் (மூணு இலை இருக்கிற ஒரு தீவனப் பயிர்) விதைச்சா மானும் காட்டு வான்கோழியும் வந்து மேயும்னு ஆசை, இதைத்தான் இங்க ஃபுட் ப்ளாட்னு சொல்றாங்க. ஆனா எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த விதை நல்லதுன்னுதான். அதுக்கு முன்னாடி உங்க மண்ணோட பிஹெச், அதாவது மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற எண், எவ்ளோன்னு தெரியணும்ங்க. எண் குறையக் குறைய புளிப்பு.

முதல் வருஷம் நான் டெஸ்டே பண்ணல. விதையும் 10-10-10 உரமும் (நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் மூணும் பத்துப் பத்து சதவீதம்) வாங்கித் தூவினேன், முளைச்சது என்னவோ நல்லாதான் முளைச்சது, ரெண்டு இஞ்ச் வந்ததும் இலை மஞ்சளாகி அப்படியே நின்னுடுச்சு. ஊர்ல அப்பா களர் நிலத்துக்கு ஜிப்சம் போடுவாரு, அந்த ஞாபகத்துல நானும் ஜிப்சம் மூட்டை வாங்கிக் கொட்டினேன். ஒண்ணும் ஆகல. ஏன்னா இங்க பிரச்சனையே தலைகீழ். நம்மூர்ல நிறைய இடத்துல மண்ணு காரத்தன்மை, இங்க ராலேயைச் சுத்தி இருக்கிற பீட்மான்ட் பகுதி செம்மண்ணுல காலங்காலமா மழை பெய்ஞ்சு கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கீழ இறங்கிப் போய் மண்ணு புளிச்சுக் கிடக்கு. ஜிப்சம் கால்சியம் குடுக்கும், ஆனா பிஹெச்சை ஏத்தாது. அதுக்கு சுண்ணாம்புக் கல்லை அரைச்ச பொடிதான் வேணும், கடையில லைம்னு கேளுங்க.

புளிச்ச மண்ணுல என்ன நடக்குதுன்னா, பிஹெச் 5க்குப் பக்கத்துல வந்ததும் மண்ணுல இருக்கிற அலுமினியம் கரைஞ்சு வேரைக் கருக்குது, நீங்க போடுற பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வெச்சுக்குது, க்ளோவர் வேருல முடிச்சு போட்டு நைட்ரஜன் சேர்க்கிற ரைசோபியம் பாக்டீரியாவும் சரியா வேலை செய்யாது. அதனால உரத்துக்குக் குடுத்த காசு மண்ணோட போயிடும். க்ளோவருக்கு பிஹெச் 6லேர்ந்து 6.5 வரைக்கும் வேணும்.

ஸ்டெப் 1: பாக்ஸ் வாங்குங்க

உங்க கவுன்ட்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல (நம்மூர் வேளாண் விரிவாக்க மையம் மாதிரி) மண் சாம்பிள் பாக்ஸும் ஃபார்மும் சும்மாவே குடுப்பாங்க. டெஸ்ட் பண்றது ராலேல இருக்கிற ஸ்டேட் விவசாயத் துறை லேப். ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் ஃப்ரீ, டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் கூட்டம் அதிகம்ங்கிறதால ஒரு சாம்பிளுக்கு 4 டாலர்.

ஸ்டெப் 2: மண்ணு எடுக்கிறது

இங்கதான் அவசரப்படக் கூடாது, ஏன்னா லேப்ல அவங்க பாக்குறது உங்க நிலத்தை இல்ல, நீங்க அனுப்புற ஒரு பிடி மண்ணை. பிளாஸ்டிக் பக்கெட் எடுத்துக்கோங்க, தகர பக்கெட் வேண்டாம், அதுல பூசியிருக்கிற துத்தநாகம் மண்ணோட கலந்து ஜிங்க் ரிசல்ட்டைக் கெடுத்துடும். நிலத்துல குறுக்கும் நெடுக்குமா வளைஞ்சு வளைஞ்சு நடந்து 15லேர்ந்து 20 இடத்துல எடுக்கணும். மேல கிடக்கிற இலை தழையை ஒதுக்கிட்டு, மண்வெட்டியால ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு குழி வெட்டி, அந்தக் குழியோட ஒரு பக்கச் சுவர்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துக்கு ஒரு சீவல் சீவி எடுங்க. உழுது விதைக்கப் போறீங்கன்னா 6லேர்ந்து 8 இஞ்ச் ஆழம், உழாம மேலாப்புல விதைக்கப் போறீங்கன்னா 4 இஞ்ச் போதும்.

பழைய எருக்குவியல் இருந்த இடம், கிளை எரிச்ச இடம், ரோட்டோரம், இதெல்லாம் தவிர்த்துடுங்க. மேடு தனி மண்ணு, பள்ளம் தனி மண்ணுன்னு கண்ணுக்கே தெரிஞ்சா ரெண்டு சாம்பிளா அனுப்புங்க. எல்லாத்தையும் கட்டி உடைச்சு, வேரு கல்லு பொறுக்கிட்டு, நிழல்ல காய வெச்சு, கலந்து பாக்ஸ்ல முக்கால்வாசி நிரப்புங்க. ஃபார்ம்ல என்ன விதைக்கப் போறீங்கன்னு மறக்காம எழுதுங்க, சிபாரிசு அதைப் பொறுத்துதான் வரும். (புல்லுல நடந்துட்டு வந்ததும் கால்ல உண்ணி இருக்கான்னு பாத்துடுங்க, இங்க அது விளையாட்டு விஷயம் இல்ல.)

ஸ்டெப் 3: ரிப்போர்ட்டைப் படிக்கிறது

நிறைய கட்டம் இருக்கும், பயப்படாதீங்க, முதல்ல மூணே மூணு பாருங்க: பிஹெச், பாஸ்பரஸ் இன்டெக்ஸ், பொட்டாசியம் இன்டெக்ஸ். இன்டெக்ஸ் 25 வரைக்கும் குறைவு, 26லேர்ந்து 50 சுமார், 50க்கு மேல போதுமானது. நைட்ரஜன் இருக்காது, அது மழையில ஓடிக்கிட்டே இருக்கிறதால அளந்து பிரயோஜனம் இல்லன்னு லேப்ல பாக்குறதில்ல.

எங்க ரிப்போர்ட்ல பிஹெச் 4.9, பாஸ்பரஸ் 12, பொட்டாசியம் 30. ஏக்கருக்கு ஒன்றரை டன் லைம் போடச் சொல்லியிருந்தாங்க.

ஸ்டெப் 4: கணக்கு

முதல்ல நிலத்தை அளங்க. 104 அடிக்கு 104 அடி சதுரம்னா கிட்டத்தட்ட கால் ஏக்கர். இங்க ஒரு டன்னுங்கிறது 2000 பவுண்டு, அப்ப ஒன்றரை டன் 3000 பவுண்டு, கால் ஏக்கருக்கு 750 பவுண்டு, 40 பவுண்டு மூட்டையில 19 மூட்டை. ஆமாங்க, 19. நானும் முதல்ல நாலு மூட்டை போட்டாப் போதும்னுதான் நினைச்சிருந்தேன். மெக்னீசியமும் குறைவா இருந்தா டோலமைட் லைம் வாங்குங்க, ரெண்டும் கிடைச்சுடும்.

பாஸ்பேட் (பாஸ்பரஸுக்கு) ஏக்கருக்கு 80 பவுண்டு, பொட்டாஷ் (பொட்டாசியத்துக்கு) 60 பவுண்டுன்னு போட்டிருந்துச்சு. கால் ஏக்கருக்கு 20ம் 15ம். 0-46-0 உரத்துல 46 சதவீதம்தான் பாஸ்பேட், அதனால 20ஐ 0.46ஆல வகுத்தா சுமார் 43 பவுண்டு. அதே மாதிரி 0-0-60 உரம் 25 பவுண்டு. க்ளோவர் மட்டும் போடுறதா இருந்தா நைட்ரஜன் உரம் வேண்டாம், அது களைப்புல்லைத்தான் தூக்கிவிடும்.

ஸ்டெப் 5: லைம் போட்டுட்டு பொறுமையா இருங்க

லைம் மண்ணுல தானா நகராது, விழுந்த இடத்துலயே கிடக்கும். அதனால பாதியை வடக்கு தெற்கா, மீதியை கிழக்கு மேற்கா தூவிட்டு நல்லா உழுது கலந்து விடுங்க. வேலை செய்ய மூணுலேர்ந்து ஆறு மாசம் ஆகும், அதனால ஏப்ரல்லயே போட்டுடுங்க, க்ளோவர் விதைக்கிறது செப்டம்பர், அக்டோபர்லதான்.

நடுவுல நிலத்தை வெறுமனே போடாதீங்க. மே மாசம் பக்வீட்னு ஒரு தானியப் பயிர் விதையைத் தூவுங்க, கால் ஏக்கருக்கு 12லேர்ந்து 15 பவுண்டு. புளிச்ச மண்ணையும் தாங்கும், ஒரு மாசம் சொச்சத்துல வெள்ளை வெள்ளையா பூத்துடும், தேனீ மொய்க்கும், மானும் கடிக்கும். விதை முத்துறதுக்கு முன்னாடி மடக்கி உழுதா நம்மூர்ல தக்கைப்பூண்டு மடக்கி உழுற மாதிரி மண்ணுல தழை மக்கிச் சேரும்.

எரு போடலாமான்னு கேப்பாங்க. போடலாம், ஆனா வெளியேர்ந்து வாங்குற குதிரை எரு, மாட்டு எருன்னா கவனம். வைக்கோல் வயல்ல அடிக்கிற சில களைக்கொல்லி மாட்டு வயித்துக்குள்ள போயும் அழியாம எருவுல வந்துடும், க்ளோவரை அப்படியே சுருட்டிடும். ஒரு தொட்டியில அந்த எருவைக் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டுப் பாருங்க, இலை சுருண்டு வந்தா அந்த எரு வேண்டாம்.

ஸ்டெப் 6: விதைப்பு

பாஸ்பேட்டும் பொட்டாஷும் தூவி லேசா கிளறிட்டு, க்ரிம்சன் க்ளோவர் 5 பவுண்டு, கூட கோதுமை 12 பவுண்டு. விதையில ரைசோபியம் பூசியிருக்கான்னு பையில பாருங்க, இல்லன்னா தனியா வாங்கி கலந்துக்கணும், அந்தந்த க்ளோவருக்குன்னு இருக்கிறதா பாத்து வாங்குங்க. கோதுமையை முதல்ல தூவி மூடிட்டு க்ளோவரை மேல தூவுங்க, அரை இஞ்சுக்கு மேல ஆழம் போனா சரியா முளைக்காது.

விதைச்ச அன்னிக்கே இன்னொரு வேலை. கம்பி வலையை மூணு அடி அகலத்துக்கு வட்டமா சுத்தி நிலத்துக்கு நடுவுல மான் வாய் வைக்க முடியாத மாதிரி ஒரு கூண்டு நட்டுடுங்க, மான் எவ்ளோ மேயுதுன்னு அதை வெச்சுத்தான் தெரியும். நான் ரெண்டாவது வருஷம்தான் இதைப் பண்ணேன். நவம்பர்ல போய்ப் பாத்தா வெளியே முழுக்க ரெண்டு இஞ்சுக்கு மொட்டையா இருந்துச்சு, போன வருஷம் மாதிரியே ஆயிடுச்சேன்னு மனசு உடைஞ்சுபோச்சு, கிட்டப் போனா கூண்டுக்குள்ள முழங்கால் உயரத்துக்கு பயிரு, அடியில கரும்பச்சை க்ளோவர். ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தண்ணியில அலசி முடிச்சை நகத்தால கீறினேன், உள்ள இளஞ்சிவப்பு. நைட்ரஜன் சேர்க்கிற முடிச்சு அப்படித்தான் இருக்கும். கூண்டைச் சுத்தி ஈர மண்ணுல எல்லாப் பக்கமும் மான் குளம்புத் தடம்.