காப்பி பாதியில் நின்றால் உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள்

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்குப் போட்டோ, வீடியோ எல்லாம் ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டால் நம் ஆட்கள் செய்வது ஒன்றுதான். ரீட்ரை அழுத்துவார்கள், மறுபடி அழுத்துவார்கள், கோபம் வந்ததும் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிவிடுவார்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதே இல்லை. அது புரியாவிட்டாலும் பரவாயில்லை, போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள், ஏனென்றால் பாதி பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் கேட்டார்: "முந்நூறு ஜிபி காலியா கீதுண்ணே, ஃபைல் பெருசுன்னு சொல்லுது, இன்னா கணக்கு இது?" டிவியில் ஓடுவதற்காக டிஸ்க்கை யாரோ ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்திருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். ஃபேட்32 முறையில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, முகூர்த்த வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். விண்டோஸில் இருக்கிற கன்வர்ட் கட்டளையால் ஃபேட்32 டிஸ்க்கை உள்ளே இருப்பதை அழிக்காமலே என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறைக்கு மாற்றலாம், திரும்பிப் போக மட்டும் முடியாது. மேக், விண்டோஸ் இரண்டிலும் செருகுகிறவர்களுக்கு எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைதான் சரி, மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், தானாக எழுதாது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது செய்யப்போகிற மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கிற பதிவு, கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ கேபிளைப் பிடுங்கினாலோ என்டிஎஃப்எஸ்ஸை விட அதிகமாக அடிபடும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்பில் விண்டோஸ் அல்லாத பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தில் சேமித்த ஃபைல் பெயரில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ இருந்தால் எக்ஸ்ஃபேட் டிஸ்க் அதை வாங்காது. விண்டோஸிலோ, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கி முழுப் பாதையும் 260 எழுத்தைத் தொட்டால் காப்பி அடம்பிடிக்கும். தமிழில் பெயர் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, "கோ" நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு. பெயரைச் சுருக்குங்கள், முடிந்தது.

சரி, டிஸ்க்கில்தான் கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலில் நின்றால் முதலில் கேபிளையும் கரண்டையும் சந்தேகப்படுங்கள். ஒரே ஃபைலில் நின்றால் அந்த ஃபைலை மட்டும் இன்னொரு டிரைவுக்கு, ஒரு பென் டிரைவுக்காவது, காப்பி செய்து பாருங்கள். அங்கேயும் நின்றால் கோளாறு பெரும்பாலும் நீங்கள் எடுக்கிற இடத்தில் இருக்கிறது, புதிதாக வாங்கிய டிஸ்க்கில் இல்லை. சிஆர்சி எர்ரர் (படித்த டேட்டா சரியாக இல்லை என்ற எச்சரிக்கை) வந்ததும் புது டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுக்க ஓடுகிறவர்கள் நிறைய, பழைய லேப்டாப்பின் உள் டிஸ்க்தான் செத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்கு அப்புறம்தான் தெரிகிறது.

கேபிள் விஷயத்தை நம் வடசென்னை ஏரியாவில் லேசாக விடக் கூடாது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல்காற்று ஜன்னல் கிரில்லையே அரிக்கிறது, யுஎஸ்பி முனை மட்டும் தப்புமா? ஹார்டு டிஸ்க் பக்கம் செருகுகிற அந்த அகலமான தட்டை முனை தளர்ந்துபோவதும் சகஜம், லேசாக ஆட்டினால் டிஸ்க் காணாமல் போய்த் திரும்ப வருகிறது என்றால் கேபிளை மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு பின்பக்கத்தில், ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். சாதாரண யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3 என்றால் 900, இதையும் நாலு சாமான் மாட்டிய ஹப்பில் பங்கு போட்டால் டிஸ்க் சுழன்று எழவே திணறும்.

டிஸ்க் நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கட்டளையான செக்டிஸ்க் போட்டு ரிப்பேர் செய்யப் பார்ப்பது. அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் தேய்த்துப் படிக்கும், மிச்ச உயிரும் அதில் போகும். முதலில் வேறு எங்கும் இல்லாத போட்டோக்கள், பத்திரங்களின் ஸ்கேன், இவற்றை எடுங்கள், படிக்காததைத் தாண்டிப் போங்கள், சினிமா எல்லாம் கடைசியில். விண்டோஸிலேயே இருக்கிற ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை இதற்கு நல்லது, ஆனால் அது தானாக ஒரு ஃபைலுக்குப் பத்து லட்சம் முறை, 30 விநாடி இடைவெளி விட்டு முயற்சி செய்யும்! அதை ஒரு முறை, ஒரு விநாடி என்று குறைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதிலேயே மிரர் என்று ஓர் ஆப்ஷன் உண்டு, மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழித்துவிடும், தெரியாமல் தொடாதீர்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். ஃபிரீசரில் வைத்து எடுக்கச் சொல்கிற வீடியோவை நம்ப வேண்டாம், இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்ததும் உள்ளேயெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.

எர்ரரே வராமல் ஏமாற்றுகிற வகையும் உண்டு. சல்லிசு விலையில் 2 டிபி பென் டிரைவ் என்று விற்பார்கள், உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ. காப்பி எல்லாம் ஏறும், பெயரெல்லாம் தெரியும், திறந்தால்தான் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரலால் முழுதாக எழுதிப் படித்துப் பார்த்த பிறகே நம்புங்கள். அதே சமயம் 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் அது மோசடி இல்லை, கணக்கிடும் முறை வேறு.

மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகக் குறி போட்ட ஃபைல்கள் உங்கள் சிஸ்டத்தில் இல்லவே இல்லை, நெட் இல்லாமல் காப்பி ஆகாது. எதை ஏற்றினாலும் கட்–பேஸ்ட் மட்டும் வேண்டாம். காப்பி செய்து, நாலைந்து ஃபைலை டிஸ்க்கிலிருந்தே திறந்து ஓட்டிப் பார்த்து, அப்புறம் பழையதை அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம். சரிபார்க்கும்போது சைஸை ஒப்பிடுங்கள், சைஸ் ஆன் டிஸ்க்கை அல்ல, அது ஃபார்மட்டைப் பொறுத்து மாறும்.

இன்னொரு காப்பி வேறு வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த நமக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க்கைக் கழற்றும்போது "பயன்பாட்டில் உள்ளது" என்று விடாமல் பிடித்தால், திறந்திருக்கிற ஃபோல்டர், வீடியோ பிளேயர் எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள், அப்போதும் விடவில்லை என்றால் சிஸ்டத்தை முழுசாக ஷட் டவுன் செய்துவிட்டு உருவுங்கள். லேப்டாப்பை மடக்கி ஸ்லீப்பில் போட்டுவிட்டு உருவுவது கணக்கில் சேராது.