வறட்டு இருமலா? பிரஷர் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

எங்கள் அத்தைக்கு ஒரு மாதமாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரி படுத்தால் தொண்டையில் ஒரு குறுகுறுப்பு. இரண்டு பாட்டில் சிரப், தினமும் மிளகுக் கஷாயம், எதற்கும் மசியவில்லை. கடைசியில் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், புதிதாக எழுதிக் கொடுத்த ராமிப்ரில் இருந்தது. எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு இப்படி இருமலைக் கிளப்பும். டாக்டரிடம் சொன்னதும் வேறு வகை மாற்றிக் கொடுத்தார். இருமல் அடங்க 3 வாரம் ஆனது.

அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறிவிடும். ஆனால் உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது வேறு விஷயம். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்லோடிபின் என்ற இன்னொரு வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாயங்காலம் கணுக்கால் வீங்கலாம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். மூட்டுவலிக்கு நாமே கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக் பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் பதம் பார்க்கும்.

இன்னொன்று, எனக்கு எரிச்சல் தருவது: ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடம் இருக்கும் மீதித் துண்டோடு போய்விடும். வெட்டுவதற்கு முன்பே அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது மருந்து என்றால் ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அத்தையின் இருமலுக்குக் காரணம் பிடிபட்டது அப்படித்தான்.