பகிடிக் குறும்படத்துக்கு ஒரு செல்லப்பிள்ளை வில்லன்: முதல்முறை எழுதுபவர்களுக்குப் படிப்படியாக

யாழ்ப்பாணத்தில் இப்போது நாலு பெடியள் சேர்ந்து, ஒருவனிடம் நல்ல கைத்தொலைபேசி இருந்தால் ஒரு குறும்படம் வந்துவிடுகிறது. எனக்கு அதில் பெரிய சந்தோசம். வாசித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தரும் பகிடிக் கதைகளில் ஒரு குறை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: காசுக்கார வில்லன். தடித்த சங்கிலி, கறுப்புக் கண்ணாடி, வாகனத்தால் இறங்கியதும் ஒரு வெடிச்சிரிப்பு, வாயைத் திறந்தால் சென்னைத் தமிழ். இந்த ஊரில் அப்படி ஒருவனை நான் கண்டதில்லை. பார்க்கிறவர்களும் கண்டிருக்க மாட்டார்கள், அதனால்தான் சிரிப்பு வருவதில்லை.

ஏழு நிமிடப் படம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவோம். ஒரு பக்கம் எழுதினால் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும். ஏழு பக்கம் போதும்.

படி 1: "இல்லை" என்ற சொல்லைக் கேளாத பிள்ளை

காசு இருப்பதில் பகிடி இல்லை. இருபத்தாறு வயதாகியும் ஒருவரும் தன்னிடம் "இல்லை" என்று சொன்னதே இல்லை என்பதில்தான் பகிடி இருக்கிறது. ஆகவே முதலில் அவனுடைய ஐந்து வயதை எழுதுங்கள். படத்தில் அது வரத் தேவையில்லை. கொப்பியில் அரைப் பக்கம் இருந்தால் போதும். அழுதால் யார் ஓடி வந்தது? அப்பம்மாவா, மாமியா? எந்த விளையாட்டில் அவனை வெல்ல விட்டார்கள்?

என் உதாரண வில்லனை வீட்டில் "செல்லம்" என்று கூப்பிடுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். அவன் ஒருவரை வெருட்டிக்கொண்டு நிற்கும்போது உள்ளே இருந்து அம்மா, "செல்லம், பால் ஆறுது!" என்று கூப்பிடுவார். அவனும் போய்க் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வெருட்டுவான். இதை நடிக்கும்போது வெட்கப்படக் கூடாது. அவனுக்கு அது வழமை.

படி 2: காசு எங்கிருந்து வந்தது?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் ஊரில் பெரிய மதிலும் தானாகத் திறக்கிற கேற்றும் எழும்பினால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது: சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ இரவு வேலை செய்த ஒரு தகப்பன், குளிரில் விறைத்த ஒரு சித்தப்பா. அந்த உழைப்பைப் பகிடி பண்ணினால் மண்டபத்தில் இருக்கிற பாதிப்பேருக்கு நெஞ்சு நோகும். எங்கள் முதல் படத்தில் அந்தப் பிழையை விட்டோம். வெளிநாட்டு மாமாவையே கோமாளியாக்கினோம். படம் முடிந்ததும் ஒரு அம்மா கிட்ட வந்து, "என்ரை மகனும் அப்பிடித்தான் பிள்ளை, பத்து வரியமா வரேல்லை" என்றார். அந்தக் காட்சியை வெட்டிவிட்டோம்.

உழைத்தவரை விடுங்கள். உழைக்காமல் எடுப்புக் காட்டுகிறவன் மட்டுமே உங்கள் ஆள்.

படி 3: காசுக்குக் கிடைக்காத ஒன்று

கதையின் அச்சாணி இதுதான், மெல்ல யோசியுங்கள். வில்லன் காணி பிடிக்க வருகிறான், பெண் கேட்டு வருகிறான் என்றெல்லாம் எழுதாதீர்கள். அவன் ஆசைப்படும் பொருள் சின்னதாக இருக்கட்டும், அதை வாங்க முடியாததாகவும் இருக்கட்டும்.

நான் பட்டத்தை எடுத்தேன். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியை அறியாதவர் குடாநாட்டில் இல்லை. அந்தப் போட்டியில் முதலாமிடம் வரவேண்டும் என்பது செல்லத்தின் ஆசை. எதிரில் பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன்: மூங்கில் சீவி, ரிசுப் பேப்பர் ஒட்டி, தன் கையாலே கொக்குப் பட்டம் கட்டுகிறவன். பட்டத்தை வாங்கலாம், நூலை வாங்கலாம், கட்டுகிற ஆளைக்கூடக் கூலிக்குப் பிடிக்கலாம். வாடைக்காற்றை என்ன செய்வது?

கடற்கரையில் வலை பொத்துகிற ஐயாவிடம் செல்லம் போகிறான்.

"ஐயா, காத்து எவ்வளவு?"
"என்ன தம்பி?"
"காத்து. ஒரு மணித்தியாலத்துக்கு என்ன விலை எண்டு கேட்டனான்."

செல்லம் இதை நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விலை கேட்கிறான். நடிகர் கண்ணைச் சிமிட்டினால் காட்சி செத்துவிடும்.

படி 4: பக்கத்தில் ஒரு ஆமாப்போடி

தனியே நிற்கிற வில்லனிடம் பகிடி பிறக்காது. அவன் சொல்வதற்கெல்லாம் "ஓம் அண்ணை" போடுகிற ஒருவன் வேண்டும். அவனுக்கு உண்மை தெரியும், வாயால் வராது. பார்வையாளர்கள் அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். இரண்டு பேருக்குள் நன்றாக நடிப்பவரை இந்தப் பாத்திரத்துக்குப் போடுங்கள்.

படி 5: பேச்சு

சூத்திரகரின் 'மிருச்சகடிகம்' என்ற பழைய சமஸ்கிருத நாடகத்தில் சகாரன் என்று ஒருவன் வருகிறான். அரசனின் மைத்துனன் என்ற ஒரே செருக்கில் ஆடுகிற ஆள். நாயகி வசந்தசேனையைத் துரத்தும்போது, இராமனுக்குப் பயந்து ஓடும் திரௌபதி மாதிரி ஏன் ஓடுகிறாய் என்று கேட்பான். இரண்டு காவியத்தையும் போட்டுக் குழப்புவான், பிழை என்று அவனுக்கே தெரியாது. 'ச'கரம் அவன் வாயில் வேறு விதமாக ஒலிக்கும், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கொலை செய்யத் துணிகிற வில்லன் அவன், ஆனாலும் சிரிக்க வைக்கிறான். பதவியும் காசும் இருக்கிறவனை ஒருவரும் திருத்துவதில்லை என்பதை அந்த நாடகாசிரியர் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்!

அதையே எங்கள் மண்ணுக்குக் கொண்டுவரலாம்.

"நல்லூர்த் தேர் பத்தாந் திருவிழாதானே?"
"ஓம் அண்ணை, பத்துத்தான்."

நல்லூர்த் திருவிழா 25 நாள், தேர் 24ஆம் நாள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரிக்கும். விளக்கம் ஒன்றும் வைக்க வேண்டாம்.

மொழியில் கூச்சப்படாதீர்கள். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' தொகுப்பிலேயே எங்கள் பேச்சுத்தமிழ் மேடைக்கு உரியது என்று காட்டிவிட்டார். "எண்டு", "வரேல்லை", "பேந்து" எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள்.

படி 6: மூன்று முயற்சி

முதலாவது: கொழும்பிலிருந்து விலையான பட்டம் வருகிறது, மேலே எழும்பித் தலைகீழாகக் குத்துகிறது. இரண்டாவது: பெடியனின் பட்டத்தையே கேட்ட விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்து வாங்குகிறான், முச்சையை, அதாவது பட்டத்தை நூலோடு பிணைக்கும் கட்டை, அவிழ்த்துத் தன்பாட்டில் கட்டுகிறான், அதுவும் குத்துகிறது. மூன்றாவதை நான் சொல்ல மாட்டேன். முதல் இரண்டையும் பார்த்தவர் எதை எதிர்பார்ப்பாரோ, அதற்கு வேறான ஒன்றை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். குழுவாக இருந்து பத்து யோசனை எழுதி, முதல் மூன்றையும் கிழித்துப் போடுங்கள். அவை எல்லாருக்கும் வருகிற யோசனைகள்.

படி 7: எடுப்பது

செல்லத்தைக் கிட்டத்தில் வைத்து அதிகம் எடுக்காதீர்கள். அந்தப் பெரிய கேற்றுக்கு முன்னால் தூரத்தில் வையுங்கள், அவன் தானாகச் சின்னப் பிள்ளையாகிவிடுவான். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு வெளிச்சம் மெத்தென்று விழும். பொங்கலன்று கடற்கரையில் சனம் நிரம்பிவிடும். வசனக் காட்சிகளை ஒரு கிழமை முன்னரே முடித்துவிட்டு, அன்றைக்குக் கூட்டத்தையும் வானத்தையும் மட்டும் எடுங்கள். மார்கழியில் திருவெம்பாவை நாட்களில் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி கேட்கும், ஒலிப்பதிவை அதற்கேற்ப வையுங்கள்.

படி 8: கடைசிக் காட்சி

சகாரனைக் கடைசியில் அந்த நாடகத்தின் நாயகன் சாருதத்தன் தண்டிக்காமல் விட்டுவிடுகிறான். செல்லத்தையும் அடித்துத் துரத்த எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதியது இப்படி: போட்டி முடிந்துவிட்டது, சனம் கலைகிறது. பெடியனின் பட்டம் இன்னும் மேலே நிற்கிறது, அதில் பூட்டிய விண், காற்றில் ஒலிக்கும் அந்த நார், கூவுகிறது. செல்லம் கிட்டப் போய் நிற்கிறான். பெடியன் நூலை நீட்டுகிறான்.

"எவ்வளவு?"
"சும்மா பிடியுங்கோ அண்ணை. விட்டிடாதேங்கோ."

செல்லம் பிடிக்கிறான். காற்று நூலை இழுக்கிறது. அவன் ஒன்றும் பேசவில்லை. அம்மா தூரத்தில் "செல்லம்!" என்று கூப்பிடுகிறார், அவன் திரும்பவில்லை. இந்த இடத்தில் பாட்டுப் போடாதீர்கள். விண் கூவுகிற சத்தத்தைத் தனியாக, கிட்ட நின்று, ஐந்து நிமிடம் பதிந்து வைத்திருங்கள். பெயர்ப் பட்டியல் ஓடி முடியும் வரைக்கும் அது தேவைப்படும்.