கன்ஃபார்மல் சமச்சீரில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

கோணங்களைக் காக்கும் மாற்றங்களில் மாறாமல் இருக்கும் புலக் கோட்பாடுதான் கன்ஃபார்மல் புலக் கோட்பாடு. அதைப் படிக்க வருகிறவர்களின் நோட்டுகளைப் பார்த்தால், நானும் ஒருகாலத்தில் விழுந்த அதே குழிகள்தான் கண்ணில் படுகின்றன. குறி மாறுவது, ஒரு 2 விட்டுப்போவது எல்லாம் இன்னொரு முறை போட்டுப் பார்த்தால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா ஜெனரேட்டர்களும் வெற்றிட நிலையைப் பூஜ்யமாக்கும் என்று நம்புவது

4 பரிமாணத்தில் கன்ஃபார்மல் அல்ஜீப்ராவுக்கு 15 ஜெனரேட்டர்கள் (சமச்சீர் மாற்றங்களை நுண்ணிய அளவில் உண்டாக்குபவை): இடப்பெயர்ச்சி 4, சுழற்சி 6, அளவுமாற்றம் 1, சிறப்பு கன்ஃபார்மல் 4. 2 பரிமாணத்தில் மட்டும் அது முடிவில்லாமல் நீளும். பாடத்தின் முதல் வகுப்பிலேயே "முடிவில்லாத சமச்சீர்" என்று கேட்டுவிடுவதால், எல்லா எல்(ம)-களும் (2 பரிமாணத்தின் ஜெனரேட்டர்கள்; ம ஒரு முழு எண்) வெற்றிட நிலையை, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையை, அழித்துவிடும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள்.

ஒரு மாணவர் இப்படிப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வரியும் அழகாகச் சுருங்கியிருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. "எல்(−2) வெற்றிடத்தில் செயல்பட்டு வரும் நிலையின் நெறி (நீளத்தின் வர்க்கம்) என்ன?" என்று கேட்டேன். இந்த எல்(ம)-களின் அல்ஜீப்ராவான விராசோரோ அல்ஜீப்ராவில் எல்(2), எல்(−2) இரண்டின் கம்யூட்டேட்டர் (வரிசை மாற்றிப் பெருக்கினால் வரும் வித்தியாசம்) 4 எல்(0) + சி/2; சி என்பது சென்ட்ரல் சார்ஜ், கோட்பாட்டுக்குக் கோட்பாடு மாறும் ஓர் எண். எல்(0) வெற்றிடத்தில் பூஜ்யம், ஆகவே நெறி சி/2. அந்த நிலையையே பூஜ்யமாக்கினால் சென்ட்ரல் சார்ஜ் சி-யும் பூஜ்யம். 2 பரிமாண ஐசிங் மாதிரியின் (காந்தத்தின் எளிய மாதிரி) மாறுநிலைப் புள்ளியில் சி = 1/2; நெறி 1/4 என்று வந்தாக வேண்டும்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறு. எல்(−2) உருவாக்கும் அந்த நிலைதான், ஆற்றலும் உந்தமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் ஆற்றல்-உந்த டென்சரின் நிலை! அதைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சக் கணக்கை அக்கறையாகப் போடுகிறார்கள்.

சரியான விதி இது: ம ≥ −1 என்றால் எல்(ம) வெற்றிடத்தை அழிக்கும். ரீமன் கோளம் (முடிவிலிப் புள்ளியையும் சேர்த்த கலப்பெண் தளம்) முழுவதும், அந்த முடிவிலிப் புள்ளியிலும்கூட, ஒழுங்காக இருப்பவை எல்(−1), எல்(0), எல்(1) மட்டுமே. மையப் பதத்தில், அதாவது கம்யூட்டேட்டரில் சி வரும் பதத்தில், இருக்கும் ம³ − ம இந்த மூன்றுக்கும் பூஜ்யமாவதைக் கவனியுங்கள். மற்றவை வீணில்லை, வார்டு சமன்பாடுகள் (புலங்களுக்கு இடையிலான தொடர்புகள்மேல் சமச்சீர் விதிக்கும் நிபந்தனைகள்) வழியாக அவை கோட்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன.

இதே தவறுதான் தளத்திலிருந்து உருளைக்கு மாறும்போதும் வரும். ஆற்றல்-உந்த டென்சரைச் சாதாரண பிரைமரி புலம்போல, வெறும் பெருக்குக் காரணியோடு மட்டும் மாற்றி, கூடவே சி-யோடு சேர்ந்து வரும் ஷ்வார்ட்சியன் பதத்தை மறந்துவிடுவார்கள். சுற்றளவு அ உள்ள உருளையில், அலகுகளைச் சரியாக எடுத்துக்கொண்டால், தாழ்நிலை ஆற்றல் −πசி/(6அ). அவர்களுக்குப் பூஜ்யம் கிடைக்கும். லாட்டிஸ் (கட்டப் பின்னல்) மாதிரிகளில் சி-யை எண்கணக்கில் பிடிப்பதே இந்தப் பதத்தை வைத்துத்தான்.

இரண்டு புத்தகங்களின் குறிமுறையைக் கலப்பது

கலக்காதீர்கள்.

அளவு மாறாமை இருந்தால் கன்ஃபார்மல் என்று முடிவு கட்டுவது

அளவு மாறாமை என்றால், நீளங்களை எல்லாம் ஒரே மடங்கு பெருக்கினாலும் கோட்பாடு மாறாமல் இருப்பது. 2 பரிமாணத்தில், யூனிட்டாரிட்டியும் (நிகழ்தகவுகளின் மொத்தம் 1 ஆகவே இருப்பது) தனித்தனி மதிப்புகள் கொண்ட நிறமாலையும் இருந்தால், இது சரி. இயற்பியலாளர் போல்ச்சின்ஸ்கி 1988-ல் தெளிவாக வாதித்தார். நிபந்தனைகளைச் சொல்லாமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் வம்புதான். தனி மேக்ஸ்வெல் கோட்பாடு (மின்னூட்டங்கள் இல்லாத மின்காந்தப் புலம்) 4 பரிமாணத்தில் கன்ஃபார்மல். 5 பரிமாணத்தில் அளவு மாறாமை உண்டு, கன்ஃபார்மல் சமச்சீர் இல்லை.

அல்ஜீப்ரா இருந்தால் குலமும் இருக்கும் என்பது

முடிவுள்ள பரிமாணத்தில் லீ அல்ஜீப்ராவுக்கு (நுண்ணிய மாற்றங்களின் அல்ஜீப்ரா) அதற்கான குலம் (முழு மாற்றங்களின் தொகுப்பு) உண்டு. வட்டத்தைத் தன்மேலேயே வழவழப்பாக மாற்றும் டிஃபியோமார்ஃபிசக் குலத்துக்கோ கலப்பெண் வடிவமே கிடையாது. அதன் அல்ஜீப்ராவுக்கு மட்டும் உண்டு. அப்புறம், சிறப்பு கன்ஃபார்மல் மாற்றம் சாதாரணப் புள்ளி ஒன்றை முடிவிலிக்கு அனுப்பிவிடும். முடிவிலிப் புள்ளியைச் சேர்க்காத வெளியில் அதைக் குலமாக எழுதத் தொடங்கினால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.