வாட்ஸ்அப் பழகிய கையால் மனு எழுதுவது எப்படி?

என் அக்கா மகன் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி போன் கை நழுவி மூக்கில் விழும்வரை எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிற பையன். அவனிடம் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு எழுதச் சொன்னார்கள், திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதற்கு. அரை மணி நேரம் கழித்து அவன் கொண்டுவந்தது இதுதான்:

"சார் வணக்கம்.. எங்க தெருல லைட் எரியல.. ரொம்ப நாளா இருட்டா கீது.. லேடீஸ் போக முடியல.. ப்ளீஸ் ஆக்‌ஷன் எடுங்க.."

கடைசியில் பேனாவால் வரைந்த ஒரு கும்பிடு.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கீதுன்னு எழுதறான் பாரு!" எனக்குக் கீது பெரிய குற்றமாகப் படவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். எந்தத் தெரு? எத்தனை விளக்கு? எப்போதிலிருந்து? எழுதுகிறவர் யார்? ஒன்றுமே இல்லை. கேட்டால் "எல்லாருக்கும் தெரியுமே மாமா" என்கிறான். தெருக் குரூப்பில் எல்லாருக்கும் தெரியும், சரி. மனுவைப் பிரிக்கிற ஊழியர் அந்தக் குரூப்பில் இல்லையே.

வாட்ஸ்அப்பில் எழுதும்போது எதிரில் இருப்பவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். தெரியாத மீதியை "எது?" "எப்போ?" என்று அடுத்த நொடியே கேட்டுவிடுவார். 2014இல் நீல டிக் வந்த பிறகு படித்தாரா இல்லையா என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. அதனால் முழுதாகச் சொல்ல வேண்டிய தேவையே கைக்கு இல்லாமல் போய்விட்டது. எழுத்துப்பிழை, தமிழும் இங்கிலீஷும் கலப்பது, இதெல்லாம் இரண்டாம் பட்சம். காகிதத்துக்கு நீல டிக்கும் கிடையாது, திருப்பிக் கேட்கவும் தெரியாது.

இன்னொரு காரணம் கொஞ்சம் பழையது. எஸ்எம்எஸ் காலத்தில் ஒரு மெசேஜில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து போடலாம், தமிழ் என்றால் 70 இடம்தான். அந்த 70லும் ஏமாற்று உண்டு: நமக்கு "வேலூர்" மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் கணக்கு. "குடிநீர்" என்றால் எட்டு. குடிநீர் வரவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் காசு போய்விடும். அப்போதிருந்த பாதிப் போன்களில் தமிழே தெரியாது, கட்டம் கட்டமாக வரும். ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழ், அதிலும் உயிரெழுத்தைப் பிடுங்கிவிட்டு. ட்விட்டர் 140 எழுத்து என்று வரம்பு வைத்ததும் அந்த எஸ்எம்எஸ் அளவை மனதில் வைத்துத்தான். 2017இல் அது 280 ஆனது. இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு முழுக் கதையே எழுதலாம், யாரும் காசு கேட்கப்போவதில்லை. ஆனால் கை மட்டும் இன்னும் 70ஐ எண்ணிக்கொண்டிருக்கிறது.

சரி, கையை எப்படித் திருப்புவது?

முதலில் எழுதாதீர்கள். போனை எடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்குப் பேசுங்கள். உங்கள் தெருவைப் பார்த்திராத ஆளாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நாங்கள் குடியாத்தத்தில் இருக்கும் சித்திக்குப் போட்டோம். பையன் "சித்தி, தெருல லைட் எரியல" என்றான். சித்தி விடுவாளா: "எந்தத் தெருடா? எத்தினி லைட்டு? எப்பலேர்ந்து? யார்கிட்டனா சொன்னீங்களா? இன்னா சொன்னாங்க?" ஐந்து கேள்வி. அவற்றை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். மனுவில் வர வேண்டியது அந்த ஐந்துக்கும் பதில்தான், அதே வரிசையில். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பல வருடம் முன்பு நானே ஒரு மனுவில் தெருப் பெயரை மட்டும் எழுதி, ஏரியாவை விட்டுவிட்டு, அது சுற்றிச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. பிள்ளையார் கோயில் தெரு என்று எழுதியிருந்தேன். பழைய வட ஆற்காடு முழுக்க எத்தனை பிள்ளையார், எத்தனை தெரு!

அடுத்து "ரொம்ப". சமூக ஊடகம் வளர்த்துவிட்ட சொல் இது. ரொம்ப நாளா, ரொம்பக் கஷ்டம், வேற லெவல், செம மோசம். லைக் வாங்க இது போதும், வேலை நடக்கப் போதாது. எங்கெல்லாம் ரொம்ப வருகிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு எண்ணக்கூடியது ஒன்றை வையுங்கள், தேதி, எண்ணிக்கை, தூரம் இப்படி. ரொம்ப நாளா என்பது "ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து" ஆயிற்று. லேடீஸ் போக முடியல என்பதற்கு, யார் எந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டேன். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் இறங்கி வருகிற பெண்கள் என்றான். அதை எழுதுடா, அதுதான் விஷயம் என்றேன்.

அப்புறம் இந்த இரட்டைப் புள்ளி. வாட்ஸ்அப்பில் ஒற்றைப் புள்ளி வைத்தால் கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள், அதனால் இரண்டு வைத்து இழுப்பது வழக்கமாகிவிட்டது. அரட்டையில் இருக்கட்டும், அதற்கென்று ஒரு இதம் உண்டு. காகிதத்தில் ஒவ்வொரு இரட்டைப் புள்ளியிலும் நின்று, இந்த வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று தீர்மானியுங்கள். பாதி இடத்தில் வினைச்சொல்லே இருக்காது, அந்த வேலையைப் புள்ளியோ எமோஜியோ பார்த்திருக்கும். கும்பிடு எமோஜி இருந்த இடத்தில் "கேட்டுக்கொள்கிறோம்" வர வேண்டும். என்ன கேட்கிறோம் என்பதும் வர வேண்டும், ஆக்‌ஷன் எடுங்க என்பதற்கு அர்த்தம் கிடையாது.

ஃபேஸ்புக்கில் அதிகம் எழுதுகிறவர்களுக்கு வேறு வியாதி. "மேலும் பார்க்க" என்று வெட்டிவிடுவதால் முதல் வரியிலேயே ஆளை இழுக்க வேண்டும் என்று பழகியிருப்பார்கள், "இந்த அநியாயத்தைக் கேட்பார் யாருமில்லையா?" என்று ஆரம்பிப்பார்கள். மனுவில் அந்த வரியை அடித்துவிடுங்கள். அதன் இடத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, அதன் பெயர் "பொருள்". அனுப்புநர், பெறுநர், பொருள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்த வந்தவை.

போனில் தட்டச்சு செய்து பிரின்ட் எடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் கீபோர்டு ல, ள, ழ மூன்றில் எதையாவது தானே தேர்ந்தெடுத்துவிடும். "மலை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்று ஒருவர் எழுதிய மனுவைப் பார்த்திருக்கிறேன். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வார்கள், பெய்யும் மலை ஒன்றுதான் பாக்கி. வாயால் சொல்லி எழுதவைப்பதும் அப்படித்தான், என் போன் கீதுவைக் கீதா ஆக்கியது. எனவே ல, ள, ழ, ன, ண, ந, ர, ற வருகிற இடங்களை மட்டும் விரல் வைத்து ஒருமுறை பாருங்கள், அது போதும்.

இப்போது கீதுவுக்கு வருகிறேன். இன்னா, கீது, போய்கினு என்பதெல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. எழுதக்கூடாத பேச்சு என்று நாமே ஒளித்து வைத்திருந்தோம், சமூக ஊடகம்தான் அதை வெளியே கொண்டுவந்தது, அதற்காக நான் அதற்கு நன்றி சொல்வேன். கதையில், பதிவில், குரூப்பில் தாராளமாக இருக்கட்டும். மனுவில் "இருக்கிறது" என்று மாற்றினால் போதும். எதிர்ப்பக்கம் பாய்ந்து "மேற்படி இருள்சூழ்ந்த நிலையினால் சொல்லொணாத் துயருற்று" என்று எழுத வேண்டாம். அக்கா அப்படி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், தம்பி முறையில் மறுத்துவிட்டேன்.

கடைசியில் நின்றது இவ்வளவு. மேலே முழு முகவரி, ஏரியாவோடு. "பொருள்: தெருவிளக்குகள் எரியாதது குறித்து. எங்கள் தெருவில் ரேஷன் கடைக்கு எதிரில் உள்ள கம்பம் முதல் தெருமுனை வரை நான்கு விளக்குகள் ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து எரியவில்லை. வேலை முடிந்து இரவு 9 மணிக்கு மேல் பஸ் இறங்கி வரும் பெண்கள் இந்த வழியாகத்தான் நடந்து வருகிறார்கள். இருமுறை போனில் புகார் சொன்னோம், தேதிகளைக் கீழே கொடுத்திருக்கிறோம். நான்கு விளக்குகளையும் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம்." கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் சேருங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

பையன் எழுதி முடித்ததும் பெருமையாக ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டான். இரண்டு நிமிஷத்தில் குடியாத்தம் சித்தியிடமிருந்து பதில் வந்தது: "பெர்சா கீதுடா.. வாய்ஸ்ல சொல்லு.."