கில்ன்ல ஒரு கண்ணாடித் தட்டு பண்றதும், அதுக்கு நஷ்டமில்லாம விலை போடுறதும்

கண்ணாடி உருக்குற கில்ன் (மின்சார சூளை) வாங்கியாச்சு, கண்ணாடி ஷீட்டும் வந்தாச்சு, இப்போ எந்த டெம்பரேச்சர்ல ஓட்டுறதுன்னு தேடிட்டு இருக்கீங்கன்னா, இது உங்களுக்குத்தான். எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தனை டிகிரில உருகும்"னுதான். ஆனா தட்டு நிலைக்குமா வெடிக்குமான்னு முடிவாகுறது பெரும்பாலும் அது ஆறுற நேரத்துல, அதே மாதிரி விலை போடுறப்பவும் யாரும் கணக்குல சேக்காம விடுறது அந்த ஆறுற நேரத்தைத்தான். அதனால ஒரே ஒரு பொருளை எடுத்துப்போம், 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்னு, அதை வெட்டுறதுல இருந்து விக்கிறது வரைக்கும் பாத்துடலாம். பக்கத்துல ஒரு நோட்டு வெச்சுக்கோங்க, கடைசில விலை போட அதுதான் வேணும்.

படி 1: கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கிறது

ரெண்டு கண்ணாடியை ஒன்னா உருக்கணும்னா ரெண்டும் ஒரே அளவுக்கு விரிஞ்சு ஒரே அளவுக்கு சுருங்கணும். சூட்டுல எவ்வளவு விரியுதுங்கறதைத்தான் சிஓஇன்னு ஒரு நம்பரா சொல்லுவாங்க. ஃபியூசிங்குக்குன்னே, அதாவது கில்ன்ல உருக்கி ஒட்டுறதுக்குன்னே விக்கிற கண்ணாடி பெரும்பாலும் 90, இல்லன்னா 96. ஜன்னல் கண்ணாடி வேற, சூடு தாங்குற பாத்திரம் பண்ற போரோசிலிகேட் 33 பக்கம், இதெல்லாம் ஒன்னோட ஒன்னு சேரவே சேராது. 90-ஐயும் 96-ஐயும் சேத்து உருக்குனா கில்ன்ல இருந்து எடுக்கும்போது நல்லாத்தான் இருக்கும், ஒரு வாரம் கழிச்சு ஷெல்ஃப்ல சும்மா இருக்கும்போதே ரெண்டா பிளந்து நிக்கும்.

ஆனா நம்பர் மட்டும் ஒத்துப்போனா போதாது. அந்த நம்பர் 300 டிகிரி வரைக்குமான சராசரி விரிவுதான், அதுக்கு மேல கண்ணாடி எவ்வளவு இளகுது, எந்த வேகத்துல இறுகுதுங்கறது அதுல வராது. அதனால ஒரே கம்பெனி தன்னோட ஷீட்களை ஒன்னோட ஒன்னு டெஸ்ட் பண்ணி கம்பாட்டிபிள்னு (ஒன்னோட ஒன்னு ஒத்துப்போகும்னு) விக்கிறதை மட்டும் கலந்துக்கோங்க. ஆரம்பத்துல 90 இல்லன்னா 96, ஏதாவது ஒன்னைப் பிடிச்சுட்டு அதோடயே நில்லுங்க. ரெண்டையும் ஒரே ரூம்ல வெச்சா துண்டு துணுக்கு எப்படியோ கலந்துடும், அப்புறம் எது எதுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. (டெம்பர்டு கண்ணாடி பக்கம் போகவே போகாதீங்க, வெட்ட முயற்சி பண்ணா மொத்தமா பொடிப்பொடியாயிடும்.)

படி 2: எத்தனை லேயர்

முழுசா உருகுன கண்ணாடி தானா சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்து நிக்கப் பாக்கும். ஒரே ஒரு 3 மில்லி ஷீட்டை ஃபுல் ஃபியூஸ் பண்ணா, அதாவது முழுசா உருக்குனா, அது உள்ளுக்குள்ள சுருங்கி, ஓரமெல்லாம் ஊசி ஊசியா நீட்டிக்கும். மூணு லேயர் வெச்சா வெளிய வழிஞ்சு ஷேப் போயிடும். ரெண்டு லேயர் வெச்சா வெட்டுன அளவு அப்படியே நிக்கும். நம்ம தட்டுக்கு அடியில ஒரு க்ளியர், மேல ஒரு கலர், ரெண்டும் 20-க்கு 20. எடை கிட்டத்தட்ட 600 கிராம் வரும், இதை நோட்டுல எழுதிக்கோங்க, கண்ணாடிச் செலவுக்கும் பார்சலுக்கும் தேவைப்படும்.

படி 3: வெட்டுறது, கழுவுறது

கட்டரை ஒரு ஓரத்துல இருந்து எதிர் ஓரம் வரைக்கும் ஒரே சீரான அழுத்தத்துல இழுங்க, சன்னமா ஒரு சத்தம் விடாம வரணும். வெள்ளையா பொடி பறந்தா அழுத்தம் ஜாஸ்தி. கோடு சரியா விழலன்னு அதே கோட்டுல ரெண்டாவது தடவை இழுக்கக் கூடாது, வீல் போயிடும், உடையுறதும் கோணலாத்தான் உடையும். கோடு போட்ட உடனே ரன்னிங் பிளையர் (கோட்டு வழியாவே கண்ணாடியைப் பிளக்குற இடுக்கி) வெச்சு உடைச்சுடுங்க. கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போடறது கட்டாயம்.

கழுவுறதுல சோம்பேறித்தனம் பண்ணாதீங்க. கைரேகை, கட்டர் ஆயில், கிரைண்டர் பொடி இதுல எது இருந்தாலும் அந்த இடத்துல மேற்பரப்பு படிகமாகி மங்கலா, சொரசொரப்பா வந்துடும், இதைத்தான் டீவிட்னு சொல்றது. தண்ணில நல்லா கழுவி, நூல் விடாத துணியால ஈரம் காயுறதுக்கு முன்னாடியே துடைச்சுடுங்க, தானா காய விட்டா தண்ணிக் கறை நிக்கும்.

படி 4: ஷெல்ஃப்

உருகுன கண்ணாடி ஷெல்ஃப்ல ஒட்டிக்கும், அதனால நடுவுல ஏதாவது வேணும். ஒன்னு கில்ன் வாஷ், அலுமினா ஹைட்ரேட்டும் கயோலின் களிமண்ணும் சேந்த பொடி, தண்ணில கரைச்சு மெல்லிய பிரஷ்ல நாலஞ்சு கோட் திசை மாத்தி மாத்தி அடிச்சு முழுசா காய விடணும். இன்னொன்னு சூடு தாங்குற மெல்லிய ஃபைபர் பேப்பர், வெட்டி விரிச்சா போதும். முதல் தட்டுக்கு நான் பேப்பரைத்தான் சொல்லுவேன், காத்து அதுக்குள்ள நழுவி வெளிய போயிடும், அடியில பெரிய குமிழி வர்றது குறையும். ஓடி முடிஞ்சதும் அந்த பேப்பர் பொடியாயிடும், அதை துடைக்கும்போதும் கில்ன் வாஷ் கலக்கும்போதும் நல்ல டஸ்ட் மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் எல்லாம் சரிப்படாது. ஃபுல் ஃபியூஸ் போன கில்ன் வாஷை சுரண்டிட்டு புதுசாத்தான் அடிக்கணும். ஷெல்ஃபை தரையில வைக்காம ரெண்டு மூணு சென்டிமீட்டர் உயரத்துக்கு போஸ்ட் (குட்டித் தூண்) வெச்சு தூக்கி விடுங்க.

படி 5: ஃபுல் ஃபியூஸ்

இதுதான் முக்கியமான இடம். 90 கண்ணாடி, ரெண்டு லேயர், நம்ம சைஸுக்கு நான் சொல்ற ப்ரோக்ராம் இது, எல்லாம் செல்சியஸ்ல.

மணிக்கு 220 டிகிரி வேகத்துல 677 வரைக்கும், அங்க 30 நிமிஷம்.
மணிக்கு 330 வேகத்துல 804 வரைக்கும், அங்க 10 நிமிஷம்.
அப்புறம் மூடி திறக்காம 482-க்கு தானா இறங்க விடுங்க, அங்க 1 மணி நேரம்.
மணிக்கு 55 வேகத்துல 371 வரைக்கும்.
அதுக்கப்புறம் ஆஃப், மூடினபடியே ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும்.

ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு தெரிஞ்சாத்தான் நாளைக்கு வேற சைஸுக்கு மாத்த முடியும். முதல் வரி மெதுவா இருக்கறதுக்கு காரணம், 500 டிகிரிக்குக் கீழ கண்ணாடி கெட்டியா இருக்கு, ஒரு பக்கம் சூடாகி இன்னொரு பக்கம் ஆகலன்னா பட்டுனு உடையும். 677-ல நிக்கிற அந்த அரை மணி நேரம் மேல் ஷீட் மெதுவா இளகி அடி ஷீட் மேல படிஞ்சு நடுவுல இருக்கற காத்தை ஓரத்துக்கு தள்ளுறதுக்கு, அதைத் தாண்டி வேகமா போனா ஓரம் முதல்ல ஒட்டிக்கும், காத்து உள்ளயே மாட்டி குமிழி ஆயிடும். 804-ல ரெண்டும் ஒன்னாயிடும். துண்டுகளோட மேடு பள்ளம் தெரியணும்னா 740 பக்கத்துல நிறுத்திக்கலாம், அது டாக் ஃபியூஸ்.

482-ல நிக்கிறதுதான் அனீலிங். உள்ளயும் வெளியயும் ஒரே சூட்டுக்கு வந்து, கண்ணாடிக்குள்ள இருக்கற இழுவிசை கரையுறதுக்கான நேரம் இது. இங்க அவசரப்பட்டா தட்டு உடனேயும் உடையலாம், ஆறு மாசம் கழிச்சு யாரோ வாங்குனவங்க வீட்டு மேசையிலயும் உடையலாம், ரெண்டாவதுதான் ரொம்ப மோசம். தடிமன் கூடுனா இந்த நேரம் நீங்க நினைக்கிறதை விட வேகமா ஏறும்: 12 மில்லிக்கு 2 மணி நேரம் நிக்கணும், 25 மில்லிக்கு 4 மணி நேரம் நின்னு, அப்புறம் மணிக்கு 15 டிகிரி வேகத்துலதான் இறங்க ஆரம்பிக்கணும். 96 கண்ணாடின்னா அனீல் 510 பக்கம், ஃபியூஸ் கொஞ்சம் கம்மிலயே ஆயிடும், தயாரிக்கிறவங்க குடுக்கற சார்ட்டையே பாத்துக்கோங்க.

கில்னுக்கு கில்ன் 10, 15 டிகிரி வித்தியாசம் சாதாரணமா இருக்கும், தெர்மோகப்பிள் (சூட்டை அளக்குற சென்சார்) எங்க இருக்குங்கறதைப் பொறுத்து. அதனால முதல்ல சின்னத் துண்டு வெச்சு ஓட்டிப் பாருங்க, மூலை இன்னும் கூரா இருந்தா சூடு பத்தல, நல்லா உருண்டு வழிஞ்சிருந்தா ஜாஸ்தி. மூடி உள்பக்கம் எலிமென்ட் (சூடாகுற கம்பிச் சுருள்) இருக்கற கில்ன்தான் கண்ணாடிக்கு வசதி. பக்கவாட்டுல மட்டும் எலிமென்ட் இருந்தா ஓரம் முதல்ல சூடாகும், அப்போ ஏத்துற வேகத்தை இன்னும் குறைங்க.

உடைஞ்சு வந்துச்சுன்னா தூக்கிப் போட்டுடாதீங்க, விளிம்பைத் தொடாம உத்துப் பாருங்க. உடைஞ்ச விளிம்பு உருண்டு வழவழப்பா இருந்தா சூடேறும்போது உடைஞ்சு அப்புறம் உருகியிருக்கு, முதல் வரியை மெதுவாக்குங்க. கத்தி மாதிரி கூரா இருந்தா ஆறும்போது உடைஞ்சது, அனீலிங்கைப் பாருங்க. விரிசல் சரியா ரெண்டு கலர் சேர்ற கோட்டு வழியாவே ஓடியிருந்தா அது கம்பாட்டிபிள் இல்லாத கண்ணாடியா இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகமா இருந்தா ரெண்டு போலரைசிங் ஷீட்டை குறுக்கா வெச்சு நடுவுல துண்டை பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, கலர் துண்டைச் சுத்தி வெள்ளையா ஒளிவட்டம் தெரிஞ்சா அங்க இழுவிசை இருக்கு.

படி 6: ஓரம் தேய்ச்சு, ஸ்லம்ப் பண்றது

ஸ்லம்ப்னா தட்டையான கண்ணாடியை திரும்ப சூடாக்கி இளக வெச்சு மோல்டோட (அச்சோட) ஷேப்புக்கு இறங்க விடறது. அதுக்கு முன்னாடி, தட்டையா வந்ததை டைமண்ட் பேடால தண்ணி விட்டு விட்டு ஓரம் தேய்ங்க, காய்ஞ்ச நிலையில தேய்ச்சா அந்தத் தூசி நுரையீரலுக்குத்தான் போகும். திரும்ப நல்லா கழுவிட்டு, கில்ன் வாஷ் அடிச்ச செராமிக் மோல்டு மேல நடுவுல வைங்க. மோல்டுல காத்து போற ஓட்டை அடைபட்டிருக்கான்னு பாருங்க. மணிக்கு 165 வேகத்துல 650 வரைக்கும், அங்க 10 நிமிஷம், அதுக்கப்புறம் 482-ல இருந்து மேல சொன்னது அப்படியே. ஸ்லம்ப் சூட்டுல கில்ன் வாஷ் கெடாது, கீறல் இல்லன்னா அதே மோல்டை பல தடவை ஓட்டலாம்.

குழிக்குள்ள இறக்கறதுக்கு செராமிக், மேல போத்தி தொங்க விடறதுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டீல் கண்ணாடியை விட அதிகமா சுருங்கும், வெளிய போத்துன கண்ணாடிக்குள்ள அது சுருங்கி கழண்டுடும். செராமிக் கம்மியா சுருங்கறதால அதுமேல போத்துனா கண்ணாடி இறுக்கிப் பிடிச்சு உடையும்.

படி 7: விலை

இப்போ நோட்டை எடுங்க. ஃபியூஸ் ஒரு ராத்திரி, ஸ்லம்ப் இன்னொரு ராத்திரி, ஆக ஒரு தட்டுக்கு கில்ன் ரெண்டு நாள் அடைபட்டு இருக்கு. உங்க கை வேலை ரெண்டு மணி நேரம்தான் இருக்கலாம், ஆனா அந்த ரெண்டு நாள்ல கில்ன்ல வேற எதுவும் ஓட்ட முடியாது. நிறைய பேர் கண்ணாடி விலையை ரெண்டால பெருக்கிட்டு அதான் விலைன்னு சொல்லிடறாங்க, அது விலையே இல்ல.

நான் போடுறது இப்படி. கண்ணாடிச் செலவு, வெட்டுல வீணாகுற துண்டையும் சேத்து. கரண்டுக்கு கில்னோட கிலோவாட்டை மணி நேரத்தால பெருக்காதீங்க, எலிமென்ட் விட்டு விட்டுத்தான் எரியும், ஓட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மீட்டர் ரீடிங் எடுத்து ஒரு லோடுல எத்தனை தட்டு போகுதோ அத்தனையால வகுங்க. பேப்பர், கில்ன் வாஷ், மோல்டு தேய்மானம், கில்னுக்குன்னு ஒரு லோடுக்கு ஒரு சின்னத் தொகை. உங்க மணி நேரக் கூலி, கழுவுறது, போட்டோ எடுக்கறது, பேக்கிங் எல்லாத்துக்கும் சேத்து. உடையறதுக்குன்னு ஒரு சதவீதம், அது எவ்வளவுன்னு உங்க நோட்டே சொல்லும். இதெல்லாம் சேந்ததுக்கு மேல லாபம் வெச்சா அது மொத்த விலை, கடைக்குக் குடுக்கறது. கடைக்காரங்க வழக்கமா அதை ரெட்டிப்பாக்கித்தான் விப்பாங்க.

இதுல ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருப்பேன்: நீங்க நேரா விக்கும்போதும் அந்த கடை விலைக்கே விக்கணும். கடையில 100-ன்னு இருக்கறதை நீங்க 60-க்கு குடுத்தா அந்தக் கடை அடுத்த தடவை உங்க பொருளை வெக்காது, வாங்குனவங்களுக்கும் ஏமாந்த மாதிரி இருக்கும். வித்த பிறகு காசுன்னு வெக்கிற கடைன்னா உங்க பங்கு விலையில 60 சதவீதம், 50 சதவீதம்னு பேசுவாங்க, 50 சதவீதத்துக்கு கட்டுப்படி ஆகுமான்னு முன்னாடியே கணக்குப் போட்டுப் பாத்துட்டு, கடையில உடைஞ்சா யார் பொறுப்பு, காசு எத்தனை நாள்ல வரும்னு எழுதி வாங்கிக்கோங்க. வாய்ப்பேச்சு வேண்டாம்.

படி 8: ஆர்டர், பார்சல்

ஆர்டர்னா பாதி முன்பணம், சின்ன சாம்பிள் காட்டி ஓகே வாங்குறது, கலர் லேசா மாறும்னு முன்னாடியே எழுதிச் சொல்றது. சாம்பிளை அதே கலர் சேர்க்கையில ஓட்டுங்க, ஏன்னா தாமிரம் இருக்கற டர்க்காய்ஸ் மாதிரி கலரும் கந்தகம் இருக்கற கிரீம் மாதிரி கலரும் தொடுற இடத்துல கருப்பா ஒரு கோடு வரும், சிலருக்கு அது பிடிக்கும், சிலர் திருப்பி அனுப்பிடுவாங்க. தேதி சொல்லும்போது ஒரு தடவை உடைஞ்சா திரும்பப் பண்றதுக்கான நாளையும் சேத்தே சொல்லுங்க.

சாப்பாட்டுக்குன்னு விக்கிறதா இருந்தா அந்த கலர் உணவு படலாம்னு கண்ணாடி தயாரிக்கிறவங்க சொல்லியிருக்காங்களான்னு பாருங்க, சில கலர்ல ஈயமோ காட்மியமோ இருக்கும். தெளிவா தெரியலன்னா அலங்காரத்துக்கு மட்டும்னு சீட்டு ஒட்டிடுங்க. மைக்ரோவேவ், அவன், டிஷ்வாஷர் வேண்டாம், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் சுடுதண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஒரு சின்ன கார்டு உள்ள வைங்க.

பேக்கிங்குக்கு பெட்டிக்குள்ள பெட்டி, ரெண்டுக்கும் நடுவுல எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது பஞ்சோ நுரையோ. மூடிட்டு ஆட்டிப் பாருங்க, உள்ள ஏதாவது அசையுற மாதிரி இருந்தா திரும்பப் பிரிச்சு அடைங்க. சீல் பண்றதுக்கு முன்னாடி தட்டையும் பேக்கிங்கையும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுட்டா, வழியில உடைஞ்சா கொரியர்ல கிளெய்ம் கேக்கும்போது காட்டலாம்.