வீட்டு மெயில் சர்வரில் இணைப்பு கிடைக்கவில்லையா? சர்வரிலிருந்தே தேடத் தொடங்குங்கள்

மெயில் சர்வரை நிறுவியாகிவிட்டது. போனில் கணக்கைச் சேர்க்கிறீர்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ‘சர்வருடன் இணைய முடியவில்லை’ என்று வருகிறது. உடனே கடவுச்சொல்லை மாற்றத் தோன்றும். வேண்டாம். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் கடவுச்சொல் இன்னும் சர்வர் வரை போகவே இல்லை.

லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். முன்னது மெயில் அனுப்ப, பின்னது பெட்டியைப் படிக்க. சர்வருக்குள் தொடங்கி ஒவ்வொரு படியாக வெளியே வருவோம்.

படி 1: எந்த வகைத் தோல்வி?

ஒரு கணினியிலிருந்து டெல்நெட் (இணைப்பைச் சோதிக்க உதவும் கட்டளை) மூலம் சர்வரின் 587ஆம் போர்ட்டுக்கு, அதாவது மெயில் அனுப்பும் சேவையின் வாசல் எண்ணுக்கு, இணைந்து பாருங்கள். சட்டென்று ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் சர்வரை எட்டிவிட்டீர்கள். அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. நெடுநேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ என்று வந்தால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வாலோ ரூட்டரோ உங்கள் கோரிக்கையை விழுங்குகிறது. முதலாவது வந்தால் படி 2 உங்களுக்கு. இரண்டாவது என்றால் படி 3, 4இல் விடை இருக்கும்.

படி 2: சர்வர் கேட்டுக்கொண்டிருக்கிறதா?

சர்வரில் எஸ்எஸ் கட்டளையைக் கொடுத்து, திறந்திருக்கும் டிசிபி போர்ட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். பெட்டியைப் படிக்க உதவும் 993, மெயில் அனுப்ப உதவும் 587 இரண்டும் அதில் இருக்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் இருக்கும் முகவரியையும் கவனியுங்கள். 0.0.0.0 என்றால் எல்லா முகவரிகளிலும் கேட்கிறது. 127.0.0.1 என்று மட்டும் இருந்தால் சர்வர் தன்னோடு மட்டும்தான் பேசும். போஸ்ட்ஃபிக்ஸில் இதைத் தீர்மானிப்பது ‘ஐநெட் இன்டர்ஃபேசஸ்’ அமைப்பு. அதை மாற்றினால் ரீலோடு போதாது, நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும்.

587 பட்டியலிலேயே இல்லையா? போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பைத் திறந்து ‘சப்மிஷன்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதற்கு முன்னால் ஹாஷ் குறி இருக்கும்; நிறுவியபடியே விட்டால் பல இடங்களில் இந்தச் சேவை மூடியே கிடக்கும். குறியை எடுக்கும்போது கீழே உள்ள வரிகளிலும் தேவையானவற்றுக்கு எடுத்துவிடுங்கள், ஆனால் அவற்றின் தொடக்கத்தில் உள்ள இடைவெளியை மட்டும் அழிக்காதீர்கள். ‘இது மேல் வரியின் தொடர்ச்சி’ என்று போஸ்ட்ஃபிக்ஸ் புரிந்துகொள்வது அந்த இடைவெளியை வைத்துத்தான்.

இப்போது சர்வரிலிருந்தே டெல்நெட்டில் 587ஐத் தொடுங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் நலம். 993, 465 (மெயில் அனுப்பும் இன்னொரு போர்ட்) இரண்டும் இப்படி முகமன் சொல்லாது. மறையாக்கம் தொடங்கிய பிறகே வாய் திறக்கும். அந்த மௌனத்தைப் பழுது என்று நினைக்க வேண்டாம். அவற்றை ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எஸ்-கிளையன்ட்’ கொண்டு சோதியுங்கள்.

படி 3: வீட்டிலுள்ள வேறொரு கணினி

192.168 என்று தொடங்கும் உள் முகவரியைக் கொடுத்து அதே சோதனை. சர்வரில் இணைந்து, இங்கே இணையவில்லை என்றால் அநேகமாகச் சர்வரின் ஃபயர்வால்தான். 587, 993 இரண்டையும் திறந்துவிடுங்கள்.

படி 4: ரூட்டரைத் தாண்டி

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்து, சர்வருக்கு மாறாத உள் முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் சர்வர் ரீஸ்டார்ட் ஆகி வேறு முகவரி வாங்கிக்கொள்ளும். ரூட்டரோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

சோதனையை மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். நான் முதன்முதலில் சர்வர் அமைத்தபோது இரண்டு மாலைகள் இதில் போயின. எல்லாம் சரியாக இருந்தும் இணையவில்லை. வீட்டு வைஃபையிலிருந்தே வெளி முகவரியைத் தேடியிருக்கிறேன். உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரி வழியாக உள்ளேயே திரும்பும் போக்கை எல்லா ரூட்டரும் அனுமதிப்பதில்லை. வைஃபையை அணைத்தேன், அடுத்த நொடி இணைந்தது.

அப்படியும் டைம்டு அவுட் என்றால், ரூட்டர் காட்டும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ரூட்டரில் என்ன செய்தாலும் பயனில்லை. தனிப் பொது முகவரி கேளுங்கள்.

படி 5: பெயரும் சான்றிதழும்

போன் தேடுவது டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவை (டொமைனுக்கு வரும் மெயிலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்வது) அல்ல, நீங்கள் கொடுத்த சர்வர் பெயரின் முகவரிப் பதிவைத்தான். அது இப்போதைய பொது முகவரிதானா என்று பாருங்கள். அந்தப் பெயருக்கு ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) பதிவும் இருந்தால் அந்த வழியும் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவை நீக்குங்கள்.

மறையாக்கத்துக்குச் சர்வர் காட்டும் அடையாளச் சான்றிதழைப் புதுப்பித்த பிறகும் ‘காலாவதி’ என்றே வந்தால் டவ்காட்டை ரீலோடு செய்யுங்கள். அதுவரை அது பழையதையே நீட்டும்.

அப்புறம் போனில் மறையாக்க வகை. 993, 465க்கு எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ். 587க்கும், பெட்டியைப் படிக்கும் இன்னொரு போர்ட்டான 143க்கும் ஸ்டார்ட்-டிஎல்எஸ், அதாவது சாதாரணமாக இணைந்து பிறகு மறையாக்கத்துக்கு மாறுவது. மாற்றிப் போட்டால் இணைவது போல் தொடங்கி அப்படியே நின்றுவிடும்.

சரி, இப்போது சர்வரில் மெயில் பதிவேட்டை (லாக்) திரையில் ஓடவிட்டு, போனில் மறுபடி முயலுங்கள். உங்கள் போனின் முகவரியோடு ஒரு வரி விழுந்தால் பாதை முழுவதும் திறந்துவிட்டது. அந்த வரியில் உள்நுழைவுத் தோல்வி என்றிருந்தால், கடவுச்சொல்லைப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான்.